வெளிச்சக்காரனுக்கு நீ கொடுத்த பச்சை

வீடியோ பெட்டியைப் பழுதுபார்க்க வந்தவர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் உள்ளே துடைத்தார். வாசம் கூடம் முழுவதும் பரவியது. அவர் ஏதோ பேசிக்கொண்டே வேலை செய்தார். கேசட்டெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள், பேசாமல் விசிடி பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள் அங்கிள் என்கிற மாதிரி. நான் சரியாகக் காது கொடுக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் உன் வீடியோ கடைக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது இந்த வாசம்தான். பூஞ்சை பிடித்த கேசட்டுகளை நீயும் இப்படித்தான் குனிந்து துடைத்துக்கொண்டிருப்பாய். வந்தவர் யாரென்று நிமிர்ந்து பார்க்காமலே, காலடிச் சத்தத்தை வைத்துப் பெயர் சொல்லுவாய்.

பெட்டியைச் சரிசெய்ய வேண்டிய காரணத்தைச் சொல்கிறேன். நம் பழைய கார்ட்டூன் வெளிச்சக்காரனை வைத்து இரண்டாவது படம் எடுத்துவிட்டார்கள். அலுவலகத்தில் இளைஞர்கள் இரண்டு நாளாகச் சண்டை போடுகிறார்கள். பழைய படத்தின் ஜீவனை இதில் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு பெண் கண் கலங்காத குறையாகப் பேசினாள். பழைய படம் என்று அவள் சொல்வது, நாம் தலையில் அடித்துக்கொண்டு பார்த்தோமே, அந்தப் படத்தை. அவள் அதைப் பள்ளிச் சீருடையோடு போய்ப் பார்த்தவளாம். அவளுக்கு அதுதான் அசல். உன்னிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆளில்லை என்பது அடுத்த கணம் உறைத்தது.

நமக்கு அசல் எது என்று நான் யாரிடமும் விளக்க முயன்றதில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைக்கு ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, அது உங்கள் வீட்டில். உன் அப்பா ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. மற்றவர்களின் அப்பாக்கள் தண்டவாளத்தில் வேலை செய்தவர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கார்ட்டூன் தொடங்குமுன் உங்கள் கூடம் நிறைந்துவிடும். "பிள்ளையள், செருப்பை வெளியில விட்டிட்டு வாங்கோ" என்று உன் அம்மா யாழ்ப்பாணத் தமிழில் சொல்வார். நாங்கள் அந்த 'வாங்கோ'வை வெளியே போய் நடித்துக் காட்டுவோம்.

பெட்டி பேசியது ஆங்கிலம். கீழே மலாய் எழுத்தும் ஓடாது. நாங்களெல்லாம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். நீ மட்டும் ஆங்கிலப் பள்ளி. அதனால் பெட்டிக்குப் பக்கத்தில் எங்களைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் படத்தைப் பார்த்து, நடப்பதையெல்லாம் தமிழில் சொல்லுவாய். வில்லனுக்கு ஒரு குரல், போலீஸ்காரனுக்கு ஒரு குரல். வெளிச்சக்காரன் என்ற பெயரே நீ வைத்ததுதான். ஆங்கிலத்தில் அவனுக்கு வேறு பெயர். அவன் அப்பா கலங்கரை விளக்கத்தில் காவலர், அந்த விளக்கின் ஒளி மேலே பட்டால் அவனுக்குப் பறக்கும் சக்தி வரும். முதுகில் பறக்கும் துணி என்ன நிறம் என்று யாரோ கேட்டார்கள். கறுப்பு வெள்ளைப் பெட்டி. நீ ஒரு நொடி பார்த்துவிட்டு, "பச்ச. ரயிலு கார்டு காட்டுவாரே, அந்தக் கொடி பச்ச" என்றாய். அன்றிலிருந்து எங்கள் எல்லாருக்கும் பச்சை தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது.

எங்கள் வரிசைக் கணேசனின் அப்பா நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் உயிரோடு திரும்பாத வாரம் அது. வீட்டுக்கு மூத்தவன் அவன். கொள்ளி வைத்த மொட்டைத் தலையோடு வெள்ளிக்கிழமை உங்கள் வாசலில் வந்து நின்றான். வீட்டில் அழுகை ஓயவில்லை, கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும் என்று பெண்கள் அனுப்பியிருந்தார்கள். சாவுத் துடக்கு வீட்டுப் பிள்ளை என்று உன் அம்மா அவனை நிறுத்தவில்லை. "அவனை முன்னால இருக்க விடுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரக் கதையில் புயல் அடித்தது. விளக்கு அணைந்தது. வெளிச்சக்காரன் சக்தியில்லாமல் கடலில் நீந்தி வந்தான். வந்து சேர்ந்தபோது பாறையில் அப்பாவின் தொப்பி மட்டும் இருந்தது. கரையில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். நான் அப்போதுதான் தமிழ்ப்பள்ளி முடித்து, ஆங்கிலப் பள்ளிக்குத் தயார்ப்படுத்தும் ரிமூவ் வகுப்பில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கியிருந்தேன். தாமதமாக வந்துவிட்டேன், அப்பா இறந்துவிட்டார் என்கிறான் என்பது எனக்கே புரிந்தது. கதை சொல்லும்போது நீ நிறுத்தி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு சொன்னாய்:

"அப்பா சாகல. இந்த வெளக்கு பழசாப் போச்சு. அந்தப் பக்கத்துக் கரையில புதுசு ஒன்னு இருக்கு, பாத்துக்க ஆளில்ல. அதுக்குத்தான் போயிருக்காரு. இருங்க, ஏத்துவாரு."

ஒவ்வொரு வாரமும் கடைசியில் பெயர்கள் ஓடும்போது தூரத்தில் ஒரு விளக்கு எரிந்து எரிந்து அணையும். அன்றும் அது வந்தது. "பாரு, ஏத்திட்டாரு" என்றாய். கணேசன் பெட்டிக்கு மிக அருகில் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். படம் முடிந்து விளம்பரம் வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் உன்னைப் பிடித்தேன். அவன் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். ரிமூவ் கிளாஸ்காரனுக்கு அதற்குள் இங்கிலீஷ் வந்துவிட்டதா என்று முதலில் கிண்டல் செய்தாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் மொட்டய பாத்தியா? நீயா இருந்தா என்னா சொல்லுவ?" என்றாய்.

பிறகு ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் பத்திரிகைக்கு. அதே கூடத்தில் எங்களோடு உட்கார்ந்த பீட்டர் பள்ளி ஆசிரியராகிக் காஜாங்கில் குடியேறினான். கணேசன் கிள்ளானில் வீடு எடுத்துத் துறைமுகத்துக்கு லோரி ஓட்டினான். நீ மட்டும் குவார்ட்டர்ஸை விட்டு நடக்கிற தூரத்தில் வீடியோ கடை வைத்தாய். சனிக்கிழமை சாயங்காலம் நாம் நால்வரும் அங்கே கூடுவது வழக்கமாயிற்று. செய்தி சேகரிக்கத் துறைமுகம் போகும் நாட்களில் சில சமயம் கணேசனின் லோரியில் ஏறிக்கொள்வேன். சரக்கு இறக்கக் காத்திருக்கும்போது, கேரி தீவுப் பக்கமாகக் கடலில் ஒரு விளக்கு மின்னும். "எங்கப்பா டியூட்டியில இருக்காருடா" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஆனால் ஒவ்வொரு முறையும் சொல்வான். அதை நான் உன்னிடம் சொன்ன நாளில் நீ துடைத்த கேசட்டையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாய்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. நால்வரும் சேர்ந்தே போனோம். வெளிச்சக்காரன் கறுப்பு உடையில், ஒரு தடவைகூடச் சிரிக்காமல் வந்தான். மழையில் அப்பாவின் கல்லறை முன்னால் மண்டியிட்டான். அடுத்த சனிக்கிழமை கடையில் நடந்த சண்டை உனக்கும் நினைவிருக்கும். இப்போதுதான் அவன் மனிதன் மாதிரி இருக்கிறான், நாம் பார்த்தது சின்னப் பிள்ளை விளையாட்டு என்று பீட்டர் ஆரம்பித்தான்.

"பச்சத் துணி எங்கடா?" என்றான் கணேசன்.

"எந்தப் பச்ச? கோமிக் புக்ல செவப்பு லா."

"டிவியில பச்ச. நான் பாத்தேன்."

"பிளாக் அண்ட் ஒயிட் டிவியில பச்சய பாத்த ஒரே ஆளு நீதான் லா."

கேசட் வாங்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கும் பச்சைதான் நினைவில் இருந்தபோதும். கணேசன் சிரிக்கவில்லை. "துணி கெடக்கட்டும். அப்பாவ ஏன் கொன்னானுங்க? அவரு சாகவே இல்ல. அந்தப் பக்கம் போயி வெளக்கு ஏத்துனாரு. அத மாத்த இவனுங்க யாரு?" என்றான். பீட்டர் மறுக்க வாயெடுத்தான். நீ சட்டென்று யாருக்கெல்லாம் டீ வேண்டும் என்று கேட்டாய். பழைய கார்ட்டூன் கேசட்டைத் தேடிக் கொண்டுவா, என் மகளுக்குக் காட்ட வேண்டும், பீட்டருக்கும் காட்ட வேண்டும் என்று கணேசன் உன்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

கிடைக்கவில்லை என்று நீ சொல்லியிருக்கலாம். ஆனால் உண்மையாகவே தேடினாய். உனக்கும் அதை மறுபடி பார்க்க ஆசை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த கேசட்டை நீயும் நானும் ஒரு மத்தியானம் கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பார்த்தோம். வண்ணத்தில் துணி சிவப்பாகப் பறந்தது. அப்பாவின் தொப்பி, கரை, அந்த ஒரு வாக்கியம். எல்லாம் அப்படியே இருந்தன. நீ கேசட்டைக் கவுண்டருக்குக் கீழே வைத்தாய். கணேசனிடம் சொல்லிவிடு, இல்லாவிட்டால் தூக்கிப் போடு என்றேன். "நீ பேப்பர்காரன். ஒனக்கு எல்லாம் சரியா இருக்கணும்" என்றாய். இரண்டையும் செய்யவில்லை.

சிறுநீரகப் பரிசோதனைக்கு நீ ஆஸ்பத்திரி போன அன்று உன் தங்கை கடையில் இருந்தார். கணேசன் வந்து கேட்டான். அண்ணன் எடுத்து வைத்திருந்தது இதுதான் போல என்று அவர் கொடுத்துவிட்டார். அவர்மேல் என்ன தப்பு? அவன் கிள்ளானில் தன் வீட்டில் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தான். தொப்பி வந்தது. இப்போது பார் என்றானாம் மகளிடம். அவளுக்குப் பள்ளிக்கூட ஆங்கிலம் நன்றாக வரும். "அப்பா செத்துட்டாருன்னு சொல்றான்பா" என்றாளாம். இதெல்லாம் பின்னாளில் அவன் மனைவி சொல்லி எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை அவன் கேசட்டோடு வந்தபோது நானும் கடையில் இருந்தேன். கவனமாக ஓட்டி முதலுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தான், மற்ற வாடிக்கையாளர்கள் செய்யாத காரியம். சத்தம் போடுவான் என்று காத்திருந்தோம்.

"நீ சொன்னது நல்லா இருந்துச்சுடா" என்றான். "ஆனா நேத்து போர்ட்டுல நின்னேன். அது வெறும் வெளக்கு."

அவ்வளவுதான். நீ எழுந்தாய், ஏதோ சொல்ல வாயைத் திறந்தாய். உன் நாக்கில் எத்தனை குரல்கள் இருந்தன. அன்று ஒன்றும் வரவில்லை. அவன் வெளியே போய் லோரியில் ஏறிக்கொண்டான்.

பிறகு வந்த சனிக்கிழமைகளில் பீட்டரும் நானும் வந்தோம். நீ வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் போய் வந்து, வீங்கிய கையோடு கவுண்டரில் உட்கார்ந்திருந்தாய். வாசலில் கனமான வண்டி நின்றால் துடைப்பதை நிறுத்துவாய். அந்தக் காலடி வரவே இல்லை. ஒரு நாள் என்னிடம், "சின்ன வயசுல சொல்லிட்டேன், பெருசானதும் தானா மறந்துருவான்னு நெனச்சேன்" என்றாய்.

நீ போன அன்று நானே கிள்ளானுக்குப் போய் அவனிடம் சொன்னேன். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டான். சொன்னேன். தலையாட்டினான். நாங்கள் உன் வீட்டில் அவனுக்காகக் கொஞ்சம் தாமதம் செய்தோம். அவன் வரவில்லை. துறைமுகத்தில் இப்போதும் பார்ப்பதுண்டு. சாப்பிட்டாயா என்று கேட்பான், நானும் கேட்பேன். லோரியில் ஏறச் சொல்வதில்லை.

கடையை மூடியபோது உன் தங்கை கேசட்டை என்னிடம் கொடுத்தார். இத்தனை காலம் தொடவில்லை. பழுதுபார்த்தவர் போனதும் இன்று போட்டுப் பார்த்தேன். அலுவலகத்துப் பெண்ணுக்கு அசல் என்ன என்று காட்டலாமென்று ஒரு எண்ணம் இருந்தது. ஓடத் தொடங்கியதும் அது போய்விட்டது. இந்தச் சிவப்புத் துணிக்காரன் எனக்கும் அந்நியன். நாம் பார்த்தது உலகத்தில் எந்தக் கேசட்டிலும் இல்லை. அதை ஒரு கூடத்தில் உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள் கொஞ்சம் பேர். அவர்களில் அதை விடாமல் வைத்திருந்தவன் ஒருவன்தான், அவனும் கீழே வைத்துவிட்டான்.

தொப்பி வரும் இடத்தில் சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். நீ சொன்ன வார்த்தைகள் ஒன்றுவிடாமல் என்னிடம் இருக்கின்றன. கேட்டதை அப்படியே வைத்துக்கொள்வதுதானே என் தொழில். பெயர்கள் ஓட, தூரத்து விளக்கு எரிந்து அணைந்தது. பாரு, ஏத்திட்டாரு என்று சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது வெறும் பொய்யாக இருந்தது. உன் குரலில் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.