வால்வு வாயில் சந்தனம்

மச்சான்,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் கேன்டீனில் பரவிவிட்டது. நேற்று மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டில், நம் கம்பெனியின் பாதுகாப்பு வார விழா மேடையில், அத்தனை பேரும் பார்க்க என் பேன்ட் திறந்துகொண்டது. காலையில் ஜிப் கெட்டுப்போய் ஒரு ஊக்கைக் குத்திக்கொண்டு போயிருந்தேன். அதை மேடையில் நானே கழற்றினேன். உனக்காகத்தான்.

மேடையில் மாலை போட்ட உன் படம். அதன் பக்கத்தில் குவாரி வண்டிகளுக்கு நாம் செய்கிற சஸ்பென்ஷன் சிலிண்டர் ஒன்று, அதற்கும் மாலை. குத்துவிளக்கு ஏற்றிய உற்சாகத்தில் எவனோ சிலிண்டருக்கும் சந்தனம் குங்குமம் அப்பியிருந்தான். எங்கே தெரியுமா? சரியாக சேஃப்டி வால்வின் வாயில்! கடல் காற்றில் அந்தச் சந்தன வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய ஆயுத பூஜை ஞாபகம் வந்துவிட்டது. கூடவே கோபமும்.

நம் ஷெட்டில் பூஜை என்றால் அசையாமல் நிற்பதற்கெல்லாம் பெயிண்ட். லேத், தள்ளுவண்டி, குப்பைத்தொட்டி எதுவும் தப்பாது. கணக்குப் பார்த்தபடியே தூங்கும் நான் தப்பித்தது பெயிண்டர் சேகரின் கருணை. அந்த வருஷம் லாரியில் ஏற வேண்டிய சிலிண்டர்களும் வெள்ளிக் கலரில் மின்னின. எல்லோரும் அழகு பார்த்தோம். டெஸ்ட் பெஞ்சில் வால்வு சோதிக்கிற நீ மட்டும் குனிந்து, பெயிண்ட் அடைத்த வால்வு ஓட்டையைப் பார்த்தாய்.

"இன்னாடா இது! மூக்க அடைச்சிட்டு மூச்சு வுடுன்னா எப்பிடி வுடும்?"

அந்தச் சிலிண்டருக்குள் எண்ணெயும் நைட்ரஜனும் இருக்கும். குவாரிப் பள்ளத்தில் வண்டி தொப்பென்று விழும்போது வாயு நசுங்கி அடியைத் தாங்கும். அழுத்தம் எல்லை மீறினால் வெளியேற அந்த மிளகளவு ஓட்டைதான் வழி. அதுவும் அடைபட்டால் சிலிண்டரே வெடிக்கும்.

நானோ டெஸ்பாட்ச் குமாஸ்தா. எனக்கு லாரிதான் கவலை. "மச்சான், வண்டி நின்னுகினு கீது. டிரைவரு நாஸ்தாவே முடிச்சிட்டான். ஒரு ஊசியால குத்திவுட்டு அனுப்பேன்" என்றேன்.

"குத்துனா பெயிண்டு உள்ள போய் ஒக்காந்துக்கும். ஒவ்வொரு வால்வையும் கழட்டி, பெஞ்சுல ஏத்தி, தொறக்குதான்னு பாக்கணும். நாளைக்கு வண்டிக்கு அடியில ஒருத்தன் படுத்துனு வேல செய்வான்டா. உன் மச்சினனா இருந்தா அனுப்புவியா?"

"என் மச்சினனா? தாராளமா அனுப்புவேன்."

எப்போதும் சிரிக்கிறவன், அன்றைக்கு நீ சிரிக்கவில்லை. கேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாய். மேனேஜர் வந்து, "பூஜையும் அதுவுமா லோடை நிறுத்துறியா?" என்று குதித்தார். லோடு நின்றது. பூஜை முடிந்த கையோடு உன்னை டெஸ்ட் பெஞ்சிலிருந்து பிடுங்கி ஸ்டோர்ஸில் போட்டார்கள். வால்வின் மூச்சைக் காதாலேயே கேட்டவன் கையுறை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். "ஸ்டோர்ஸ்ல ஃபேன் கீது மச்சான்" என்று மட்டும் சொன்னாய். போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து நீ போகும்வரை அந்த ஃபேனுக்கு அடியிலேயே இருந்தாய்.

நேற்று வாசலில் தங்கச்சி என்னை நிறுத்தினாள். உன் மனைவி அப்படி நின்று பேசுகிறவளா? "அண்ணா, அவரை ஏன் ஸ்டோர்ஸுக்குத் தள்ளுனாங்கன்னு இன்னிக்காவது சொல்லுவாங்களா? ஏதோ தப்பு பண்ணிட்டாருன்னுதான் எங்க சொந்தத்துல இன்னும் பேசிக்கினு கீறாங்க."

சொன்னார்களா? அந்த மேனேஜர் மைக்கைப் பிடித்தார், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "பாதுகாப்புதான் அவர் மூச்சு. அவரை நான் தோளில் தூக்கிக் கொண்டாடினேன்" என்றார். தோளில்! உன் பெயரில் விருது ஒன்றையும் அறிவித்தார். ஸ்டோர்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தங்கச்சி முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் மேடையேறினேன். ஊக்கைக் கழற்றிச் சந்தனத்தைச் சுரண்டினேன். (குத்தக் கூடாது என்று நீ திட்டுவாய். தெரியும், கோபத்தில் மறந்துவிட்டது.) மைக்கைப் பிடுங்கி, "அன்னிக்கு இந்த வாயைப் பெயிண்ட் அடிச்சு அடைக்கச் சொன்னவர் இவர்தான்! அதைக் கண்டுபிடிச்ச குத்தத்துக்கு என் மச்சானை ஸ்டோர்ஸுக்குத் தள்ளினவரும் இவர்தான்!" என்று கத்தினேன்.

"பெயிண்ட் அடிக்க நான் சொல்லலப்பா" என்றார் மேனேஜர். ஒருவரும் நம்பவில்லை. தங்கச்சி தலை நிமிர்ந்தாள். கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல்: "அண்ணாத்த, போஸ்ட் ஆபீஸ் தொறந்து கீது!"

அதற்குப் பிறகு எல்லோரும் சாப்பிட ஓடிவிட்டார்கள். உன் படத்தை எடுக்கக்கூட ஆள் இல்லை. தங்கச்சியிடம் சேர்த்துவிடலாம் என்று நானே தூக்கிக்கொண்டேன். அதற்குள் அவள் கிளம்பியிருந்தாள்.

'தொறக்குதான்னு பாக்கணும்' என்று நீ சொன்னது என்னிடம் அப்படியே இருக்கிறது. கூடுவாஞ்சேரி வீட்டில் தினமும் குக்கர் மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக வானம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் அரிசி வைக்க விடுகிறேன். "பெரிய இன்ஜினீயரு" என்று வீட்டுக்காரி பழிக்கிறாள். பழிக்கட்டும்.

திரும்பும்போது செங்கல்பட்டு பஸ்ஸில் சேகர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நல்லா கேட்ட அண்ணாத்த. ஆனா மேனேஜரு பாவம், பெயிண்டு பக்கமே வரல. 'அனுப்பப்போற சரக்கையும் அடிச்சிடு சேகரு, பூஜையில பளபளன்னு நிக்கட்டும்'னு வேற ஆளுதான் சொன்னாரு."

"எவன் அவன்?" என்று பாய்ந்தேன்.

சேகர் என் மடியிலிருந்த படத்தில் உன் முகத்தின் மேல் விரலால் தட்டினான்.