கங்காணிக்குப் பால்

2025 மார்ச் 4, செவ்வாய்
மழை. ரப்பர் வெட்டு இல்லை.
சின்னமுத்துக் கங்காணியின் மகள் தனுஜா வாசலில் நின்றாள். "அத்தே, அப்பாவுக்கு உசுரு இழுத்துக்கிட்டே கெடக்கு. மனசு நொந்தவங்க கையால பால் ஊத்துனாத்தான் அடங்குமாம். ஒரு வாய் ஊத்திட்டுப் போயிருங்க."
"இழுக்கட்டும்" என்றேன். உட்காரச் சொல்லவில்லை.

மார்ச் 5
மனசு நொந்தவளாம்! எதனால் என்று அவளுக்குச் சொல்லியிருப்பானா? அவன் — ஆம், அவன் என்றே எழுதுவேன். அவன் கங்காணியாக இருந்த தனியார் ரப்பர் தோட்டத்தில் எங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஓடிவிடக் கூடாதென்று பொழுது சாய்ந்ததும் புகைக்கூடத்துப் பக்கத்து அறையில் போட்டுப் பூட்டுவான். எண்பத்துமூன்று ஆடியில் கலவரக்காரர்கள் வந்தபோது மாட்டை அவிழ்த்துவிட்டு ஓடினான். "ஐயா, கதவ மட்டும் தொறந்துட்டுப் போங்க" — அம்மா கத்தினாள். காதில் விழாத மாதிரிப் போனான்.
கொளுத்த வந்தவர்கள்தான் பூட்டை உடைத்தார்கள். எங்களைப் பார்த்துத் திகைத்த ஒருவன் "துவபல்லா!" என்று, ஓடச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினான். ஓடினோம். நாடு பற்றி எரியத் தொடங்கிய அன்றுதான் எங்களுக்கு விடுதலை. யாருக்கு நன்றி சொல்வது? இன்றுவரை தெரியவில்லை.

மார்ச் 7
தெஹியோவிட்டையில் கடைக்கார ஸுலைஹா: "பாவம் அக்கா, அந்த மனுசனுக்கு இப்ப ஒன்னுமே ஞாபகமில்லயாம்."
"சீனிய மட்டும் நிறுத்துக் குடு. புத்தி வேணாம்" என்றேன்.
அவன் மறந்துவிட்டால் நானும் மறக்கணுமா?

மார்ச் 8
இன்னும் இழுக்கிறதாம். நல்லது.

மார்ச் 10
காலையில் போய்விட்டான். பஸ்ஸில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து, "ஒங்களுக்குப் பெரிய மனசு" என்றார்கள். எனக்கு விளங்கவில்லை. நேரே சாவு வீட்டுக்குப் போனேன்.
தனுஜா என்னைக் கண்டதும் அழுதாள். "நான்தான் ஊத்துனேன் அத்தே. ஒங்க பேரச் சொல்லி, அவங்க வந்திருக்காங்கப்பான்னு காதுல சொன்னேன். ஒடனே வாயத் தொறந்தாரு."
என் பெயரைக் கேட்டு வாயைத் திறந்தானா? அப்படியானால் எதையும் மறக்கவில்லை. இத்தனை வருஷமும் தெரிந்துகொண்டேதான் கிடந்திருக்கிறான்.
தப்பு அடிப்பவர்களை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள்.
"பால் ஊத்துனது நான் இல்ல. எங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டு மாட்ட அவுத்துவிட்ட ஆளு இது. நான் மன்னிக்கல."
தப்பு அடிப்பவர்கள் பக்கம் திரும்பினேன்.
"இப்ப அடிங்க" என்றேன். அடித்தார்கள்.