ஆறு வரிக் கன்று

ஹோல் பண்ணை,
1911 பிப்ரவரி 9, வியாழன்.

பொலுங்காவீக் துறையில் மீன் பிடிக்கும் என் கணவர் எய்விந்துக்கு, கிரோவா எழுதுவது. கடவுள் உங்கள் படகைக் காக்கட்டும்.

தூண்டில் இரைக்கு நான்கு வாளி மட்டி அனுப்பியிருக்கிறேன். இரை கிடக்கட்டும். நம் மகள் சால்வோருக்குத் தொண்டை அடைப்பான் கண்டிருக்கிறது. நான்கு நாளாக எதையும் விழுங்க முடியவில்லை. மூச்சு இழுத்தால் ரம்பம் அறுப்பதுபோல் சத்தம் வருகிறது. குளிரில் மட்டி உடைக்க அவளைக் கூட்டிப்போன பாவி நான்தான்.

இரை கொண்டுவரும் கியார்தனிடம், உங்களை டாக்டரோடு வரச் சொல்லும்படி கெஞ்சினேன். "ஒரு ஆள் இறங்கினா படகு கரையில நிக்கும். தொண்டை வலிக்குன்னு உன் புருசன் அஞ்சு குடும்பத்துப் பொழப்பக் கெடுப்பானா?" என்கிறார். படகு நிற்கட்டும். டாக்டர் இருக்கும் ஊர் உங்களுக்கு அரை நாள் நடைதான். நான் மலை தாண்டி, பிள்ளையை யாரிடம் விட்டுப் போவேன்?

அவள் மாடு என்று வைத்து விளையாடும் மட்டி ஓடுகள் பன்னிரண்டும் படுக்கையில்தான் இருக்கின்றன. வரிக்கு ஒரு வயது என்று ஓட்டின் வரிகளை எண்ணி வயது சொல்கிறாள். ஆறு வயதுக்காரிக்கு நூறுக்கு மேல் எண்ண வராது. அதனால் எல்லா மாட்டுக்கும் நூறு வயது. நேற்று குரலே எழும்பாமல், "கன்னுக்குட்டி ஒண்ணுகூட இல்லம்மா, அப்பாகிட்ட சொல்லு" என்றாள்.

ஜன்னலில் அவள் வைத்த மட்டி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒன்பது நாளாக வாயை இறுக மூடிக் கிடக்கிறது, சாகவில்லை. என் பிள்ளை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிறாள்.

சண்டை போட்டாவது இறங்கி வாருங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

கிரோவா

பிப்ரவரி 12, ஞாயிறு.

என்னவருக்கு,

டாக்டரை அழைத்து வர வேண்டாம். நேற்று விடிந்ததும் கண் திறந்து என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். பக்கத்துப் பண்ணைக்காரர் பெட்டிக்குப் பலகை அறுத்துக் கொடுத்துவிட்டார். மண் உறைந்து கிடக்கிறது, குழி வெட்ட நான்கு நாளாகுமாம். அதற்குள் வந்துவிடுங்கள்.

ஜன்னல் மட்டியை உடைக்கக் கத்தியை எடுத்தேன். கை வரவில்லை. கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டேன்.

மாடுகளை அவளோடு வைக்கப் போகிறேன். வரும்போது கன்று ஒன்று தேடி எடுத்து வாருங்கள். வரிகளை எண்ணிப் பாருங்கள். ஆறுக்கு மேல் வேண்டாம்.

மலையில் பனி அதிகம். நீங்களாவது பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள் கிரோவா