நம் கரண்ட் சூளைக்குப் புதுக் காயில்

நேற்று வெறும் சூளையைச் சூடேற்றிப் பார்த்தேன். புதுக் காயிலின் காந்தல் வாடை இன்னும் ஷெட்டை விட்டுப் போகவில்லை. நீ இருந்திருந்தால், "ஜன்னலத் தொறடி, சாவறதுக்கா வந்துகீறோம்?" என்று கத்தியிருப்பாய். நானே திறந்துவிட்டேன். உன் வேலையெல்லாம் இப்போது என் தலையில்தான்.

ஈசிஆரில் மூடிக்கிடந்த ஒரு விடுதியின் மண்பாண்டப் பட்டறையிலிருந்து இந்தச் சூளையை வாங்கி வந்தோம். சிறுசேரி ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அலுத்துப்போன இருவருக்கு மண் பிசையும் ஆசை. படூரில் என் ஃப்ளாட் பால்கனியில் வைத்து, ஏசி பாயிண்ட்டில் சொருகினோம். ஏசியே ஓடுகிறது, இது ஓடாதா என்று நினைத்தோம். பிளக் உருகி, சுவர் கறுத்து, அசோசியேஷன் செக்ரட்டரி வாசலில் வந்து நின்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீயோ, "வுடு, வூடு மிச்சம் கீது" என்று சிரித்தாய்.

அதன்பிறகுதான் மாமல்லபுரத்தில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் இந்த ஷெட் போட்டோம். சூளைக்கென்றே தடித்த வயர், தனி ட்ரிப்பர், எர்த். கடல் காற்று திருகுகளைத் தின்றுவிடும் என்று மாதம் தவறாமல் பின்தகட்டைக் கழற்றிப் பார்ப்பாய். "துருவுக்கு லீவே கெடையாது மச்சான்" என்பாய். என்னை மச்சான் என்று கூப்பிட்ட பெண் நீ ஒருத்திதான். புற்றுநோய் வார்டில் படுத்துக்கொண்டும் டிஜிட்டல் கன்ட்ரோலர் போடுவதைப் பற்றித்தான் பேசினாய்.

நேற்று காயிலோடு அதையும் மாட்டியாயிற்று. சூளை மூடியைத் திறந்தால் தானே கரண்ட்டை வெட்டும் சுவிட்ச் பழுதாகிவிட்டதாம். எலக்ட்ரீஷியன், "இது இன்னாத்துக்கு மேடம்? டைரக்டா குடுத்துடறேன். நீங்க பாத்துத் தொறங்க" என்றார். வாரம் முழுக்க ஆபீஸ், சனிக்கிழமையும் பஸ் பிடித்து வந்திருந்தேன். சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சூளையையே விற்றுத் தொலைக்கலாம் என்றும் தோன்றியது, பொய் சொல்லவில்லை. கடைசியில், "வேணாண்ணா, உள்ள கைய வுடப்போறது நானு. புதுசு போடுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கி வந்து மாட்டினார். அவர் கிளம்பியதும் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இன்று கிண்ணங்களை அடுக்க வேண்டும். நம்மில் ஒருத்தி உள்ளே கை விடும்போது மற்றவள் மெயின் சுவிட்ச் அருகே நிற்பது வழக்கம். சுவிட்சை நம்பு, அதற்கு மேல் ஆளையும் நம்பு என்பது நீ வைத்த சட்டம். "ஆஃபா?" என்று கேட்டு, "ஆஃபு!" என்று பதில் வந்த பிறகுதான் கை உள்ளே போகும். பழக்க தோஷம், இன்றும் சத்தமாக "ஆஃபா?" என்று கேட்டுவிட்டேன்.

 பிறகு நானே நடந்துபோய் மெயினைப் பார்த்துவிட்டு வந்து, கையை உள்ளே விட்டேன்.