சரணத்தில் சுரண்டிய பெயர்

உங்கள் கொப்பி என் மேசையில் கிடக்கிறது, மாஸ்டர். நீல மட்டை, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. திறந்தால் இன்னும் உங்கள் மூக்குப்பொடி மணம் வருகிறது. நீங்கள் செத்து ஒரு வருடமாகிவிட்டது. ஆனாலும் என்னைத் தும்ம வைக்கிறீர்கள்.

போன மாதம் உங்கள் மகன் கனடாவிலிருந்து வந்து இதை என்னிடம் தந்தார். "டீச்சர், அப்பாவின்ர ஆண்டு நினைவுப் பூசையில அவர் செய்த சூசையப்பர் கீர்த்தனையைப் பிள்ளையள் பாடவேணும். நீங்கள்தான் பழக்கித் தரவேணும்" என்றார். 'அவர் செய்த' என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னார்! நான் யோசிக்கவே இல்லை, உடனே ஓம் என்றேன். அதை என் நல்ல மனசென்று எடுத்துக்கொண்டு போனார்.

அந்தக் கீர்த்தனை எங்கே பிறந்தது என்று உங்களுக்கு மறந்திருக்காது. கடற்கரையில் என் அப்பாவின் வள்ளக் கொட்டில். அப்பா ஓடாவி. மரம் இழைத்து வள்ளம் கட்டுகிறவர். வானொலியில் கச்சேரி கேட்டுக் கேட்டே ராகம் பிடித்தவர். சுரம் எழுதத் தெரியாது. நீங்களோ கோயில் பாடகர் குழுவுக்குத் தலைவர், சுரம் தாளம் எல்லாம் முறையாகப் படித்தவர். அன்று நீங்கள் கவிழ்த்து வைத்த பெட்டியில் உட்கார்ந்திருந்தீர்கள். அப்பா உளிப்பிடியால் பலகையில் ஆதி தாளம் தட்டி ஆனந்தபைரவியில் பாடினார். பத்து வயதுக்காரி நான் பாதி கட்டிய வள்ளத்துக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மெல்லமாப் பாடுங்கோ, எழுதிறன்" என்றீர்கள். "எழுதி வைச்சால்தான் நிக்கும், ஓடாவியார்."

அது சூசையப்பரைப் பற்றிய பாட்டு என்றுதான் ஊர் நினைத்தது. அப்பாவுக்கு அது அவருடைய தகப்பனின் பாட்டு. தாத்தா சந்தியாகு கச்சான் காற்று உரத்து வீசிய ஒரு நாள் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. வள்ளம் பிளந்திருக்க வேண்டும் என்றார்கள். பிளக்காத வள்ளம் கட்டுவேன் என்றுதான் அப்பா உளியைப் பிடித்தார். தச்சனும் தகப்பனுமான சூசையப்பரிடம் அவர் அந்தப் பாட்டில் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: என் தகப்பனை நீ பார்த்துக்கொள். கீர்த்தனையின் கடைசிச் சரணத்தில் அதைச் செய்தவர் தன் பெயரைப் பொதித்து வைப்பது வழக்கம், முத்திரை என்பார்கள். அப்பா தன் பெயரை வைக்கவில்லை. 'சந்தியாகு மகன்' என்று வைத்தார். தாளத்தின் ஒரு முழுச் சுற்று, ஒரு ஆவர்த்தனம் முழுக்க அந்தப் பெயர் ஆறுதலாக நடந்துபோகும்.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. நாங்கள் வள்ளமேறி இந்தியாவுக்கு அகதியாகப் போனோம். கொப்பி உங்களோடு நின்றது.

திரும்பி வந்த வருடம் சூசையப்பர் திருநாள். நீங்கள் ஆர்மோனியத்தில் ஆனந்தபைரவியைத் தொட்டதுமே அப்பா என் கையைப் பிடித்தார். சிரித்தார். பல்லவி முடிந்தது, அனுபல்லவி முடிந்தது, சரணம் வந்தது. அவர் தகப்பன் பெயர் இருந்த இடத்தில் உங்கள் பெயர் இருந்தது.

உங்கள் பெயரோ குட்டிப் பெயர். நீளப் பெயர் இருந்த இடத்தை அது நிரப்பவில்லை. அதனால் கடைசி எழுத்தைச் சவ்வு மாதிரி இழுக்கப் பழக்கியிருந்தீர்கள். அந்த இடத்தில் பாட்டு நொண்டியது. கோயிலில் அது கேட்டது இரண்டே பேருக்குத்தான். அப்பா பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பூசை முடிந்ததும் அவர் உங்களிடம் வந்தார். நானும் வந்தேன். அவர் சண்டை பிடிக்கவில்லை.

"மாஸ்டர், என்ர பேர் எனக்கு வேண்டாம். அப்புவின்ர பேரை மட்டும் திருப்பி வையுங்கோ. அவருக்குச் சவக்காலையில ஒரு குழிகூட இல்லை."

சுற்றிவர ஆட்கள் நின்றார்கள். நீங்கள் பொடியை உறிஞ்சிக்கொண்டு சிரித்தீர்கள். "நீங்கள் முணுமுணுத்தனீங்கள், பாட்டாக்கினது நான். கடலோட போன ஆளுக்குக் கோயில்ல என்னத்துக்குப் பேர், ஓடாவியார்?"

சிலர் உங்களோடு சேர்ந்து சிரித்தார்கள். அவர்களின் முகங்கள் எனக்கு மறந்துவிட்டன. உங்களுடையது மறக்கவில்லை. அப்பா அதன்பிறகும் ஒவ்வொரு திருநாளுக்கும் வந்தார், எல்லாரோடும் சேர்ந்து பாடினார். அந்த வரி வந்ததும் மட்டும் வாயை மூடிக்கொள்வார். சாகும்வரைக்கும் அப்படித்தான். கல்லறைத் திருநாளில் மற்றவர்கள் மெழுகுதிரி கொளுத்தும்போது அவர் கடற்கரைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வருவார்.

நான் ஏன் யாழ்ப்பாணம் போய் வயலின் படித்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சங்கீத ஆசை என்று சொல்லிவைப்பேன். பொய். சுரம் எழுதவும் வாசிக்கவும் தெரிந்த ஒரு ஆள் எங்கள் வீட்டிலும் வேண்டும் என்றுதான் படித்தேன். உங்கள்மேல் இருந்த ஆத்திரத்தில்தான் நான் டீச்சரானேன்.

கொப்பி கைக்கு வந்த அன்றே அந்தப் பக்கத்தைத் தேடினேன். சவரப் பிளேட்டால் சுரண்டி, மேலே உங்கள் பெயரை எழுதியிருந்தீர்கள். பக்கத்தை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மை போயிருந்தது, பேனை அழுத்திய தடம் போகவில்லை. உங்கள் கையெழுத்திலேயே 'சந்தியாகு மகன்' என்று கிடந்தது. கீழே சுரமும் அப்படியே இருந்தது. சுரத்தைச் சுரண்ட உங்களுக்குச் சோம்பல்.

பிள்ளைகளுக்கு அதையே பழக்கினேன். "டீச்சர், அம்மா இதில வேற பேர் சொல்லியெல்லோ பாடுறவ" என்றாள் ஒருத்தி. "அம்மா பிழையாப் பழகிட்டா. நீ கொப்பியில முதல் எழுதினமாதிரிப் பாடு" என்றேன். உங்கள் மகன் ஒத்திகைக்கு வரவில்லை. உயிலங்குளத்தில் உங்கள் வயல் விசயமாக அலைந்துகொண்டிருந்தார்.

போன ஞாயிறு பூசை. உங்கள் படத்துக்குப் பூமாலை, முன்வரிசை வாங்கில் உங்கள் குடும்பம். சரணம் வந்தது. பதினாறு பிள்ளைகள் என் தாத்தாவின் பெயரை இழுக்காமல், நொண்டாமல், ஆவர்த்தனம் நிறையப் பாடினார்கள். நான் வாசித்துக்கொண்டே உங்கள் படத்தைத்தான் பார்த்தேன். உங்கள் மனைவி தலையைக் குனிந்துகொண்டா. அவவுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த நாள் காலை உங்கள் மகன் வந்தார். "என்ர அப்பாவின்ர பூசையில என்ன வேலை டீச்சர் செய்தனீங்கள்?"

கொப்பியைத் திறந்தேன். பக்கத்தை யன்னலில் பிடித்தேன். அவர் விரலால் தடவித் தடவி வாசித்தார். "ஆர் இந்தச் சந்தியாகு?"

"என்ர அப்பாவின்ர அப்பா. கடலோட போனவர்."

கதிரையில் உட்கார்ந்தார். உங்கள் கையெழுத்து அவருக்குத் தெரியாததா? தேத்தண்ணி ஆறிப்போனது. போகும்போது, "இதை நீங்களே வைச்சிருங்கோ" என்று கொப்பியைக் காட்டிவிட்டுப் போனார். வாசலில் அவர் முகத்தைப் பார்த்தேன். தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற என் அப்பாவின் முகம்போல இருந்தது. அந்த முகம் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது. நீங்கள் முந்திச் செத்துத் தப்பிவிட்டீர்கள், பாவம் அவர் அகப்பட்டார்.

அவர்மேல் இரக்கம் வந்தது. உங்கள்மேல் வரவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு நான் இன்னும் போகவில்லை. செய்ததற்கு வருந்துகிற மனத்தாபமே இல்லாமல் போய் முழங்காலில் இருந்து என்னத்தைச் சொல்வது?

நேற்று புதுக் கொப்பி ஒன்றில் அந்தக் கீர்த்தனையை முழுதாக எழுதினேன். தலைப்பில் அப்பாவின் பெயர், சரணத்தில் தாத்தாவின் பெயர். நீங்கள் சொன்னது சரிதான் மாஸ்டர், எழுதி வைத்தால்தான் நிற்கும். அதனால்தான் உங்கள் பெயரை நான் அதில் எங்கும் எழுதவில்லை. இந்த மடலிலும் எழுதவில்லை.