அவசரம் என்றால் மட்டும்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் கண் உட்பட. நீ நலமா என்று தெரியாவிட்டாலும் உன் ஊரில் மழையா வெயிலா என்பது மட்டும் எங்களுக்குத் தினமும் தெரிகிறது, அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இதைக் கேட்டால் நீ அழுவாய், போனில் என் காது கேட்கும் நிலையில் நீ சிரிக்கிறாய் என்று நினைத்து நானும் சிரித்துவைப்பேன், அதனால்தான் மின்னஞ்சல்.

ஆபரேஷன் செய்த கண் நன்றாக ஆறி வருகிறது, இன்னும் கொஞ்ச நாள் போன் திரை, டிவி எதையும் பார்க்காமல் இருந்தால் நல்லது என்றார் டாக்டர். "அதெல்லாம் இல்லாட்டி பார்க்கறதுக்கு என்ன இருக்கு, நாள் பூரா இவரைத்தானே பார்க்கணும்" என்றாள் உன் அம்மா. டாக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மருந்துச் சீட்டின் மேல் குனிந்துகொண்டார். ஆக, நீ அனுப்பிவைத்த பேசும் மெஷின்தான் இப்போது அவளுக்கு எல்லாம். உன் வேலை என்னவென்று நான் கேட்டபோது நீ சொன்னாயே, "மெஷினுக்கு நிறையக் கருவி கொடுத்திருப்பாங்கப்பா, ஒவ்வொண்ணும் என்ன செய்யும், எப்போ எடுக்கணும், எப்போ தொடக் கூடாதுன்னு ஒரு குறிப்பு இருக்கும், மெஷின் அதைப் படிச்சுத்தான் நடக்கும், அந்தக் குறிப்பு சரியா இருக்கான்னு மார்க் போடறதுதான் என் வேலை" என்று. ஆயுள் முழுக்க ஆபீசில் சுற்றறிக்கை எழுதியவன் நான். எழுதியதை ஒருவர் முழுக்கப் படித்து அப்படியே நடந்துவிடும் ஆபத்து எனக்கு ஒருநாளும் வந்ததில்லை, அதனால் உன் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அந்த மரியாதையோடுதான் நம் வீட்டு மெஷினுக்கு நீ எழுதிய குறிப்புகளை நேற்றுத் திறந்து நானும் மார்க் போட்டேன். கண் மருந்துக்கு முழு மார்க்: எந்தக் கண், எத்தனை சொட்டு, போட்டாயிற்றா என்று சந்தேகம் வந்தால் நீயாக முடிவு செய்யாதே, அப்பாவைக் கேள் என்பது வரை எழுதியிருக்கிறாய். மளிகைக்குப் பாதி மார்க்தான். "தீர்ந்துபோனதை வாங்கு" என்று இருக்கிறது, எவ்வளவு என்று இல்லை. சோப்பு தீர்ந்தது, ஒரு பெட்டி சோப்பு வந்து இறங்கியது, தூக்கிவந்த கடைக்காரர் "என்ன சார், எங்களுக்கே போட்டியா?" என்றார். நம் குடும்பம் இனி அழுக்காக இருக்க வழியில்லை.

அடுத்தது, சின்னவளைக் கூப்பிடும் கருவி. ஆரம்பத்தில் அம்மா பேச்சுவாக்கில் உன் பேரைச் சொன்னாலே மெஷின் உனக்குப் போன் போட்டுவிடும், ஆபீஸ் கூட்டத்தின் நடுவில் எடுத்த நீ குக்கர் விசிலைக் கேட்டுவிட்டு வைப்பாய். அப்புறம்தான் "அவசரம் என்றால் மட்டும்" என்று நீ சேர்த்திருக்க வேண்டும். தப்பில்லை, உலகத்தில் எல்லா விதிகளும் எரிச்சல் வந்த மறுநாள் எழுதப்பட்டவைதான். ஆனால் "அம்மா ஏன்ப்பா பேசறதே இல்ல, ஆபரேஷனுக்கு நான் வரலன்னு கோபமா? அவளா பேசற வரைக்கும் நானும் தொந்தரவு பண்ணல" என்று எனக்கு எழுதியிருந்தாயே, அதற்குப் பதில் நேற்றுச் சாயங்காலம்தான் கிடைத்தது. நான் சமையலறையில் டீ போட்டு எடுத்துக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்திருந்தேன். கூடத்தில் அம்மா மெஷினிடம் சின்னவளைக் கூப்பிடு என்றாள், அது அவசரமா என்று கேட்டது, அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு "அவசரம்னு ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்" என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றது அது. "அங்க மழை பெய்யுதான்னு மட்டும் பார்த்துச் சொல்லு" என்றாள். தினமும் இதுதான் நடந்திருக்கிறது. பொய்யாக ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ஆனால் நீ சிறுமியாக இருந்தபோது நான் பஸ்ஸில் அரை டிக்கெட் கேட்க, கண்டக்டரிடம் உன் வயதைத் தானாகச் சொல்லி முழு டிக்கெட் வாங்கியவள் அல்லவா அவள். என் போனில் உன் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன், "வேணாங்க, அவசரம்னாத்தான் கூப்பிடணும்னு சொல்லியிருக்கா, வேலையில இருப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மெஷின் கேட்பதை நீ கேட்பதாகவே எடுத்துக்கொண்டிருக்கிறாள். கோபம் எல்லாம் இல்லை, அவளுக்கு உன்னிடம் சொல்ல அவசரமாக ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் குறிப்புக்கு நான் மார்க் போடவில்லை. திருத்தும் அனுமதி எனக்கும் இருக்கிறது, ஆனாலும் நீயே திருத்துவதுதான் சரி. எப்போது பயன்படுத்துவது என்ற இடத்தில் "அம்மா கேட்கும்போது" என்று போடு, காரணம் கேட்காதே என்றும் சேர்த்துக்கொள். எப்போது கூடாது என்ற இடத்தில் உன் தூக்க நேரத்தைப் போடு, வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை, சாயங்காலம் வழக்கம்போலக் கேட்பாள், மணி அடித்தால் எடு, குக்கர் விசில் கேட்டாலும் வைத்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, கழுத்தை வளைத்து உட்காராதே. எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. குடையை மறக்காதே, நாளைக்கும் அங்கே மழையாம், அம்மா சொன்னாள்.

அன்புடன்,
சோப்புக்குக் குறைவில்லாத உன் அப்பா