டானியா உட்கார ஒரு மடி

விஷ்ராந்த்வாடி, புனே.
ஜூன் 2004, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள விச்சு அண்ணாவுக்கு அபயாவின் நமஸ்காரம்.

இங்கே நானும் மனுவேலும் மாமியாரும் குழந்தையும் சௌக்கியம். மாயவரத்தில் நீயும் மன்னியும் அப்பாவும் அப்படியே இருக்க வேண்டும். போன் பண்ணியிருக்கலாம். அப்பா எடுத்தால் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். டானியா இப்போதுதான் தூங்கினாள். எழுந்துவிடுவாளோ என்று ஒரு கண் அவள் மேலேயே இருக்கிறது. கையெழுத்து கோணினால் திட்டாதே.

அடுத்த மாதம் அவளுக்கு ஒரு வயது நிறைகிறது. காது குத்த வேண்டும். வேதத்தில் இருப்பவர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, இதெல்லாம் கிடையாது என்று நினைத்திருந்தேன். தாய்மாமன் மடி விஷயத்தில் நம்மைவிடக் கறாராக இருக்கிறார்கள். கல்யாணத்துக்கே வராதவர்கள் காது குத்தவா வரப்போகிறார்கள் என்று, மனுவேலின் சித்தப்பா பிள்ளை கிரேக் மடியில் உட்கார வைத்துவிடலாம் என்று பேச்சு. நான் வாயைத் திறக்கவில்லை. உன்னைக் கூப்பிட்டு நீ வராமல் போனால் அதை எப்படித் தாங்குவது என்று பயம்.

நேற்று எங்கள் ரோட்டில் பால்கி போயிற்று. ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பாதுகைகளைப் பல்லக்கில் எடுத்துக்கொண்டு பண்டரிபுரம் வரைக்கும் நடந்தே போகிறார்கள். போன வருஷம் வரைக்கும் கிர்க்கியில் இருந்ததால் நாங்கள் பார்த்ததில்லை. எனக்குப் போகவேண்டும் போல இருந்தது. மாமியார் என்ன நினைப்பாரோ, குழந்தைக்கு வேறு சளி, கூட்டம், மழை என்று ஆயிரம் யோசனை. பார்த்தால், மாமியார் காலையிலேயே கீழே இறங்கிவிட்டார்! நடந்து போகிறவர்களுக்கு எங்கள் பில்டிங்கில் டீ கொடுத்தார்கள். அத்தனை பேருக்கு டீ போட இவர்களுக்கு எங்கே தெரியும், மாதா திருநாளுக்குப் போட்ட கை இது என்று மனுவேலிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

அங்கேதான் அந்தக் கூத்து. கழுத்தில் துளசி மணி, தோளில் காவிக்கொடியோடு ஒரு பெரியவர் டீயைக் குடித்துவிட்டு, “மாவுலி” என்று மாமியார் காலைத் தொட்டுவிட்டார். மாவுலி என்றால் அம்மா. அவர்கள் எதிரே வருகிற யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், யார் காலையும் தொடுவார்கள். மாமியாருக்கு அது தெரியாது. “ஐயோ, எந்திரிங்க பாபா, உங்க வயசென்ன!” என்று பதறி, மனுவேல் வேலைக்குக் கிளம்பும்போது அவர் நெற்றியில் போடுகிற மாதிரியே கட்டைவிரலால் பெரியவர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று நான் பயந்தேன். அவரானால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். பின்னால் தலையில் துளசிமாடத்தோடு நின்ற அம்மாளும் நெற்றியை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசையே நின்றுவிட்டது. வழியெல்லாம் நெற்றிக்கு இட்டுவிடுகிற வழக்கம் உண்டாம். இதையும் அப்படி நினைத்துவிட்டார்கள். மேல்வீட்டு சுஷ்மா சிரித்துக்கொண்டே புக்கா என்கிற கறுப்புப் பொடிக் கிண்ணத்தை மாமியார் கையில் கொடுத்தாள். அப்புறம் என்ன, பண்டரிபுரம் போகிறவர்கள் நெற்றியிலெல்லாம் கறுப்புச் சிலுவை! “சாம்பல் புதன் மாதிரில்லா ஆயிருச்சு” என்று அவரே சிரிக்கிறார். அன்றைக்கு ஃபாதர் எல்லோர் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை போடுவாராம். ஃபாதருக்கு லீவு வேண்டுமானால் அம்மாவை அனுப்பலாம் என்று மனுவேல் கிண்டல்.

இதற்குள் அந்தத் துளசிமாடத்து அம்மாள் டானியாவை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டாள். குழந்தை கை மாறிக் கை மாறி எங்கேயோ போய்விட்டது. நான் அழுதே விட்டேன். “எல்லாரும் மாவுலிங்காங்க, புள்ளை எங்க போயிரும்?” என்றார் மாமியார். திரும்பி வந்தபோது கன்னமெல்லாம் பொடி, வாயெல்லாம் சிரிப்பு. இன்று சளியும் கூடவில்லை. பகவான் காப்பாற்றினார்.

இன்று காலை எல்லோரும் கோவிலுக்குப் போனோம். சர்ச்சை இவர்களும் கோவில் என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்ப் பூசை. முடிந்து வெளியே வந்ததும் மனுவேலின் சித்தி ஒருத்தி காது குத்துப் பேச்சை எடுத்து, கிரேக்குக்கு வேட்டி எடுத்தாச்சா என்றாள். மாமியார் சட்டென்று, “மாமன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில அடுத்தவன் மடியா? கேக்காமலே வரமாட்டாங்கன்னு எப்படிச் சொல்லுத?” என்றார். சித்தி, “வந்தா நம்ம வீட்டுத் தண்ணியாவது குடிப்பாங்களா?” என்றாள். “நேத்து என் கையால அத்தனை பேர் குடிச்சாங்க” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “இன்னைக்கே எழுது, புள்ள” என்றார். இந்த மனுஷியிடமா இரண்டு வருஷம் பயந்துகொண்டிருந்தேன் என்று இருந்தது. எனக்கு இங்கே குறை ஒன்றும் இல்லை அண்ணா. அதை நீ தெரிந்துகொள்ளவேண்டும் என்றுதான் இத்தனையும் எழுதினேன்.

தோடு, சீர் எதுவும் வேண்டாம். வெறுங்கையோடு வா. மன்னியையும் கூட்டிக்கொண்டு வா. தேதியை நீயே சொல், இவர்கள் காத்திருப்பார்கள். அப்பாவிடம் மறைத்து மட்டும் வராதே. அவர் போகாதே என்று வாய்விட்டுச் சொன்னால் நில். உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது. ஒன்றும் சொல்லாமல் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாரானால், டிக்கெட் எடுத்துவிடு. அவரை நமக்குத் தெரியாதா?

அப்பாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல். முடிந்தால் குழந்தையின் நமஸ்காரத்தையும்.

உன் வரவை எதிர்பார்க்கும் தங்கை,
அபயாம்பாள்